ஓசூர் எல்லையில் உயிர்மீட்புக் கலை

சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வரும் பெருஞ்சாலைகள் கிருஷ்ணகிரியில் ஒன்றுகூடி, சூளகிரியின் கற்குன்றுகளைக் கடந்து, ஓசூரின் ஆலைகளுக்கு ஊடே சென்று, ஜூஜூவாடியில் தமிழகத்தை விட்டு அத்திப்பள்ளியில் கன்னட நாட்டினுள் புகுந்து, முடிவில் பெங்களூர் நகரத்துக்குள்ளும் ஓசூர்ச் சாலை என்ற பெயரையே தாங்கி ஓடுகின்றன. நிமான்ஸ் என்று ஜனங்கள் சுருக்கமாக அழைக்கும் தேசிய மனநல, நரம்பியல் ஸ்தாபனமும் அச்சாலையின் ஓரத்தில்தான் இருக்கிறது. விபத்தில் தலையில் அடிபட்டவனுக்கு உள்ளூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு நிமான்ஸுக்கு அனுப்பிவிடுவது இப்பிரதேசத்தில் ஊறிப்போன வழக்கம். நாற்பது கிலோமீட்டர் ஒரு தூரமா என்று கேட்பார்கள். எலும்பு முறிந்தவனுக்கு அது தூரமன்று. ஹிருதயம் நின்றவனுக்கோ, நாலைந்து நிமிஷத்தில் மூளை பிராணவாயு இன்றிச் சேதமுறத் தொடங்கிவிடுவதால், நாற்பதும் நானூறும் ஒன்றே. பெருநகரம் அருகிலிருந்த பாக்கியமே, அந்த முதற்சில நிமிஷங்களுக்குரிய வித்தை நமக்கு எதற்கு என்ற மயக்கத்தையும் இங்கே உண்டாக்கிற்று என்பது என் அபிப்பிராயம்.

அந்த வித்தையின் ஆரம்பப் பாடங்கள் இவ்வூருக்குள் நுழைந்தது ஆலையின் வாசல் வழியாக. மத்திகிரிக் கால்நடைப் பண்ணையைக் கொண்டும், அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜியைக் கொண்டும் மட்டுமே வெளியூரார் அறிந்திருந்த ஓசூர், 1971-இல் தோன்றிய சிப்காட் இங்கே தொழிற்பேட்டை அமைத்த பின்னர், 1980-இல் அசோக் லேலண்ட் லாரிகளும் டி.வி.எஸ். மொபெட்டுகளும், அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே டைட்டன் கைக்கடிகாரங்களும் உருவாகும் ஊராக மாறிற்று. அவ்வாலைகளை ஆண்ட 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 150 தொழிலாளருக்கு ஒன்றுக்குக் குறையாமல் முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றும், ஒவ்வொரு பெட்டியும் முதலுதவிச் சான்றிதழ் பெற்ற தனி ஆள் ஒருவரின் பொறுப்பில் வேலை நேரம் முழுவதும் இருக்க வேண்டும் என்றும், 500 பேருக்கு மேற்பட்ட ஆலையில் ஆம்புலன்ஸ் அறை ஒன்று அமைய வேண்டும் என்றும் விதித்திருந்தது. பஞ்சும் துணிக்கட்டும் தீக்காய மருந்தும் அடங்கிய அந்தப் பெட்டிக்குள் நின்றுபோன ஹிருதயத்துக்கு ஒன்றும் இல்லை. சட்டம் எழுதப்பட்ட காலத்தில் உலகத்திலேயே அதற்கு ஆபரேஷன் அறைக்கு வெளியே பரிகாரம் இல்லாதபோது, சட்டத்தைக் குறைசொல்வது நியாயமாகாது.

அக்காலத்து முதலுதவி நூல்கள் கற்பித்த செயற்கைச் சுவாச முறைகளோ இன்று விசித்திரமாகத் தோன்றும். 1858-இல் சில்வெஸ்டர் என்ற ஆங்கிலேய வைத்தியர் வகுத்த முறை, மல்லாந்து கிடப்பவனின் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பின் மார்பின்மேல் அழுத்துவது. 1932-இல் டென்மார்க்கின் ஹோல்கர் நீல்சன் வகுத்தது, குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தி முழங்கைகளை உயர்த்துவது. 1950-களின் பிற்பகுதியில் பால்டிமோர் நகரத்து மயக்க மருத்துவரான பீட்டர் சஃபார், தாமே முன்வந்தவர்களுக்குத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தைக் கொடுத்துச் சுவாசத்தை நிறுத்தி, பழைய முறைகளைவிட வாயோடு வாய் வைத்து ஊதுவதே நுரையீரலைச் சரிவர நிரப்புகிறது என்று நிரூபித்தார். அச்சோதனைக்குச் சம்மதித்தவர்களின் துணிச்சலை நினைத்தால் இன்றும் நடுக்கமாக இருக்கிறது.

அதே பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், மின்கம்பிகளில் வேலைசெய்யும் தொழிலாளர் மின்சாரம் தாக்கி மாள்வதைத் தடுக்க வழி தேடிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவந்த வில்லியம் கௌவன்ஹோவன் வைத்தியர் அல்லர், மின்பொறியியல் பேராசிரியர். நாய்களின்மேல் நடத்திய சோதனையின்போது, மின்னதிர்ச்சி கொடுக்கும் தகடுகளை மார்பின்மேல் அழுத்தும் கணத்திலேயே இரத்த அழுத்தம் சற்று உயர்வதை அவருடைய மாணாக்கர் கை நிக்கர்பாக்கர் கவனித்தார். அந்தச் சிறு கவனிப்பிலிருந்து, மார்பைப் பிளக்காமலே வெளியிலிருந்து அழுத்தி இரத்தத்தை ஓடச்செய்யும் முறை பிறந்து, அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடையும் சேர்த்து மூவர் பெயரால் 1960-இல் வெளியாயிற்று. தொழிலாளியைக் காக்கப் பிறந்த இம்முறையை, தொழிலாளர் ஊரான ஓசூர் அந்நியச் சரக்காகக் கருத வேண்டியதில்லை. நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்த வேண்டும் என்று இன்று கற்பிக்கும் பாடத்தின் மூலம் அதுவே.

ஆனால் கண்டுபிடித்தால் போதுமா? உயிருள்ள மனிதன்மேல் பழகிப் பார்க்க முடியாத வித்தையை எப்படிக் கற்பிப்பது? அதற்கு விடை தந்தவர் நார்வே நாட்டுப் பொம்மை வியாபாரி ஆஸ்மண்ட் லேர்டால். 1960-இல் அவர் செய்த பயிற்சிப் பொம்மையின் வழித்தோன்றல்களைத்தான் இன்றும் பயிற்சிக்கூடங்களில் தரையில் கிடத்துகிறார்கள். பின்னர் 1974-இல் அமெரிக்க இருதயச் சங்கத்தார் வெளியிட்ட நெறிமுறைகள், எவரும் செய்யத்தக்க அடிப்படை உயிர்காப்போடு, இருதயத்துடிப்பின் வரைபடத்தைப் படித்து மருந்தும் மின்னதிர்ச்சியும் கொடுக்கும் மேம்பட்ட உயிர்காப்பையும் பாடமாக்கின. இரண்டாண்டு கழித்து, தாமே ஓட்டிய சிறு விமானம் நெப்ராஸ்கா மாகாணத்து வயலில் வீழ்ந்து மனைவியை இழந்து, குழந்தைகளும் தாமும் படுகாயமுற்ற ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் எலும்பு மருத்துவர், கிராமத்து ஆஸ்பத்திரியில் கண்ட சிகிச்சையின் தாழ்ந்த தரத்தால் மனம் கொதித்து, சிற்றூர் வைத்தியர்களுக்காகவே 1978-இல் விபத்துச் சிகிச்சைப் பயிற்சியைத் தொடங்கச் செய்தார். கிருஷ்ணகிரியைப் போன்ற சாலைச் சந்திப்பூர் ஒன்றுக்கு, மேனாட்டுப் பாடங்கள் யாவற்றிலும் மிகப் பொருந்துவது இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் இவை வேர்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அடிபட்டவனைத் தொட்டால் போலீஸ் கேஸ் என்ற பயம் சாலையோரத்தில் மட்டுமல்ல, ஆஸ்பத்திரி வாசலிலும் இருந்தது; சட்டச் சடங்குகளுக்குக் காத்திராமல் சிகிச்சையளிப்பது வைத்தியனின் கடமை என்று பரமானந்த கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-இல் சொல்ல வேண்டியிருந்தது. 108 ஆம்புலன்ஸ் தமிழகத்தில் 2008 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. அதன் மருத்துவ உதவியாளர்கள் வகுப்பறையிலும் ஆஸ்பத்திரியிலும் வண்டியிலுமாகப் பயிற்றுவிக்கப்பட்டவர்கள். அவசர மருத்துவம் தனித்துறை என்று இந்திய மருத்துவக் கவுன்சில் ஒப்புக்கொண்டது 2009-இல்தான். 2017-இல் இந்திய மயக்க மருத்துவர் சங்கத்தார், வாய்வழிச் சுவாசத்தை விலக்கி மார்பழுத்தத்தை மட்டும் பொதுஜனங்களுக்குக் கற்பிக்கும் எளிய நெறியை வகுத்தனர். அந்நியன் வாயில் வாய்வைக்கக் கூசுகிற நம்மவர் இயல்பை அறிந்து செய்த புத்திசாலித்தனமான காரியம் அது. 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், தமிழக எல்லைக்குள் விபத்துற்றவர் எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்றது. லாரி டிரைவர்களில் பாதிப்பேர் வெளிமாநிலத்தாராகத் தோன்றும் இச்சாலையில் அதன் அருமை தனி. 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் கிடைத்தது. அதற்கு மூன்றாண்டு முன்பே நாடெங்கும் நடைமுறைக்கு வந்த புதுப் பாடத்திட்டப்படி, முதலாண்டு மாணவர் உடற்கூறு படிக்கத் தொடங்கும் காலத்திலேயே உயிர்காப்பின் அடிப்படையையும் பழக வேண்டும்.

இவ்வளவும் வந்தும், சான்றிதழ் என்பது பழைய முதலுதவிப் பெட்டியைப்போல் சுவரில் தொங்கும் பொருளாகிவிடும் அபாயம் நீங்கவில்லை. மேம்பட்ட உயிர்காப்புச் சான்றிதழ் இரண்டாண்டுக்கே செல்லும். கையின் பழக்கமோ சில மாதத்திலேயே தளர்ந்துவிடும். தேர்ந்த நர்ஸுக்குப் பெங்களூரின் சம்பளமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எல்லையின் சங்கடம் வேறொன்றும் உண்டு: கர்நாடகத்திலும் அதே 108-தான், அங்கே அது 2008 நவம்பரில் தொடங்கிற்று. எண் ஒன்று, அழைப்பை ஏற்கும் நிலையங்களோ பெங்களூரில் ஒன்றும் சென்னையில் ஒன்றும். ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே விழுந்தவன் எந்த அரசின் பிரஜை என்று சாலை அறியாது.

பாஷையும் இங்கே ஒரு பிரச்சினையே. வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் பள்ளியில் தமிழும் பேசி வளர்ந்தவர்கள், ஷிஃப்டு முடிந்து வரும் ஹிந்தி, ஒடியாத் தொழிலாளரோடு கலந்து வாழும் ஊர் ஓசூர். மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சியிலோ ஒரு கண்டிப்பான விதி உண்டு: குழுவின் தலைவர் ‘அட்ரினலின் ஒரு மில்லிகிராம்’ என்றால், மருந்தைக் கையில் எடுத்தவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும், கொடுத்து முடித்ததும், கொடுத்தாயிற்று என்று மறுபடியும் அறிவிக்க வேண்டும். மேனாட்டார் இதை ஒழுங்கு கருதி வகுத்தார்கள். நாலு பாஷைகள் ஒரே கட்டிலைச் சுற்றி நிற்கக்கூடிய எல்லை ஆஸ்பத்திரியிலோ, பயிற்சி வகுப்பின் முதல்நாள் காலையில் மார்பழுத்தத்துக்கும் முன்னதாக இந்தத் திருப்பிச் சொல்லும் பழக்கத்தையே கற்பிக்கலாம் என்பேன்.