தென்பெண்ணையும் வங்கக்கடல் மாதிரிகளும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஃபெஞ்சல் புயலால் 2024 டிசம்பரில் மூங்கில்துறைப்பட்டைக் கடந்து பெருகிய தென்பெண்ணை வெள்ளம் வங்கக்கடலைச் சேர்ந்தது. கங்கை முதலிய பேராறுகளின் வரவோடு ஒப்பிட அது சிறிதே. ஆயினும் ஆற்றுநீரும் மழைநீரும் உவர்நீர்மேல் மிதந்து மேல்கீழ்க் கலப்பைத் தடுக்கின்றன. மேற்பரப்பில் தேங்கும் வெப்பம் புயலுக்கு ஊட்டமாகிறது.

மூலக்கூற்று நிலையில் வெப்பம் உப்பைவிட ஏறத்தாழ 100 மடங்கு விரைவாகப் பரவும். இவ்வேறுபாட்டால் கடலில் தோன்றும் ‘உப்பு விரல்’களை 1960இல் மெல்வின் ஸ்டெர்ன் விளக்கினார். எனினும் 1981இல் பகனோவ்ஸ்கியும் ஃபிலாண்டரும் வகுத்த கலப்பு வாய்பாடு இரண்டுக்கும் தனித்தனிக் குணகம் தரவில்லை. 1994இல் லார்ஜ், மெக்வில்லியம்ஸ், டோனி வகுத்த முறை அவ்விரட்டைப் பரவலுக்கு இடமளித்தது.

குளிர்காலத்தில் வடவங்கக்கடலில் குளிர்ந்த நன்னீரின்கீழ் வெப்பமான உவர்நீர் நிற்பதுண்டு. அங்கு அடுக்கைத் தாங்குவது உப்பே. ஆகவே உப்பைப் பிழையாகக் கணிக்கும் மாதிரி வெப்பத்தையும், அதன்வழிப் புயலையும் பிழையாகவே கணிக்கும்.