பங்கிடும் சட்டமும் இணைக்கும் பணியும்

தொடக்கநூலில் ஈசாக்கு கிணறு தோண்டிய வரலாறு ஒன்று உண்டு. அவருடைய ஊழியர் தோண்டிய முதற் கிணற்றைக் கெரார் நாட்டு மேய்ப்பர் தமதென்று வழக்காடினர். அதற்குச் சச்சரவு என்று பொருள்படும் பெயர் அமைந்தது. இரண்டாவதற்குப் பகை என்று பொருள்படும் பெயர். எவரும் வழக்காடாத மூன்றாவது கிணறே பரந்த இடம் என்னும் பொருளில் பெயர் பெற்றது. ஈசாக்கு ஒதுங்கிப் போனார், அமைதி கிடைத்தது. ஆனால் ஆற்றை நம்பி வாழ்வோர்க்கு ஒதுங்கிப் போக இடமில்லை. காவிரியை விட்டு வேறோர் ஆற்றைத் தோண்டிக்கொள்ளத் தஞ்சைத் தரணியில் எவராலும் இயலாது. ஒரே நீரை நம்பிய இரு மக்கள் எவ்வாறு சேர்ந்து வாழ்வது? நமக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. குறுவையின் கேள்வி, சம்பாவின் கேள்வி.

இதே கேள்வியை உலக நாடுகளின் அளவில் எழுப்பிப் பார்த்த அரசியல் அறிஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் டேவிட் மித்ரானி. 1888இல் ருமேனியாவில் பிறந்து, இங்கிலாந்தில் கற்று அங்கேயே வாழ்ந்தவர். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943இல், அமைதி எவ்வாறு நடைமுறையாகும் என்பதைப் பற்றி அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். எல்லைகளைத் திருத்தி வரைவதாலோ, பெரிய அரசியல் சாசனங்களை எழுதுவதாலோ போர் ஒழியாது என்பது அவர் துணிபு. மக்களுக்குப் பொதுவான தேவை எது என்று பாருங்கள். அந்தத் தேவையை நிறைவேற்ற எல்லைகளைக் கடந்த பொது அமைப்பு ஒன்றை உருவாக்குங்கள். சேர்ந்து பணி செய்யும் பழக்கமே நாளடைவில் பகையைக் கரைக்கும் என்றார் அவர். அண்டை நாடுகள் சில கூடி ஒரு பெரிய வல்லரசாவதையும் அவர் ஐயத்துடனே நோக்கினார். சுவர் இடிவதில்லை, சற்றுத் தள்ளிக் கட்டப்படுகிறது, அவ்வளவே என்பது அவர் அச்சம்.

மித்ரானி தம் கருத்துக்குக் காட்டிய சான்றுகளுள் ஓர் ஆறும் இருந்தது என்பது நாம் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் 1933இல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் அமைக்கப்பட்டது. ஏழு மாநிலங்களைத் தொட்டுச் செல்லும் ஆற்றுப் படுகையை ஒரே பணிக்களமாகக் கொண்டு வெள்ளத் தடுப்பு, மின்சாரம், படகுப் போக்குவரத்து ஆகியவற்றை அது ஏற்று நடத்தியது. எந்த மாநிலத்தின் எல்லையும் அழியவில்லை; பணியோ எல்லையைப் பாராமல் நடந்தது.

ஐரோப்பாவிலும் இதற்கு ஒத்த முயற்சி ஒன்று எழுந்தது. 1950 மே 9இல் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் இராபர்ட் சூமான், பிரான்சு, செருமனி ஆகிய இரு நாடுகளின் நிலக்கரியையும் எஃகையும் பொது ஆணையம் ஒன்றின் கீழ் வைக்க அழைப்பு விடுத்தார். மறு ஆண்டே ஆறு நாடுகள் பாரிசில் உடன்படிக்கை செய்தன. பீரங்கிக்கு மூலப்பொருளானவை உறவுக்கு மூலப்பொருளாயின. ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசியான சூமானைத் திருஅவை 2021இல் வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. 1963இல் திருத்தந்தை 23ஆம் யோவான் 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலில், உலகப் பொதுநலனைக் காக்க உலகளாவிய பொது அதிகாரம் தேவை என்று எழுதியதும் இக்காலத்துச் சிந்தனையோடு ஒத்து நின்றது.

இந்தியா இவ்வழியை அறியாத நாடு அன்று. டென்னசியை மாதிரியாகக் கொண்டு 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் தோன்றியது. 1956இல் பாராளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, மாநிலங்களுக்கிடையேயான நதிநீர்த் தகராறுகள் சட்டம். மற்றொன்று, நதி வாரியங்கள் சட்டம். முன்னது வழக்கைத் தீர்ப்பதற்கு. பின்னது வழக்கு எழுமுன் சேர்ந்து திட்டமிடுவதற்கு. முன்னதன் கீழ் நடுவர் மன்றங்கள் பல அமைந்தன. பின்னதன் கீழ் ஒரு வாரியமும் அமைந்ததில்லை. ஒரே ஆண்டில் பிறந்த இரட்டையருள் சண்டையைத் தீர்க்கும் பிள்ளை வளர்ந்தது. சண்டையைத் தவிர்க்கும் பிள்ளை தொட்டிலிலேயே கிடக்கிறது. காவிரியின் துயரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

காவிரி வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 1892இல் மைசூரும் சென்னை மாகாணமும் முதல் உடன்படிக்கை செய்தன. சென்னையின் இசைவின்றி மைசூர் புதிய பாசனப் பணிகளைத் தொடங்கலாகாது என்பது அதன் சாரம். ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட மாகாணமும், அவர்தம் மேலாட்சிக்கு உட்பட்ட சமஸ்தானமும் சமநிலையில் அமர்ந்து பேசவில்லை என்னும் மனக்குறை கன்னட மக்களிடம் இன்றளவும் உண்டு. அதை நாம் மறுப்பதால் பயனில்லை. 1924இன் உடன்படிக்கை இரு தரப்புக்கும் வழி திறந்தது. அங்கே கிருஷ்ணராஜசாகர் எழுந்தது. இங்கே 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. அந்த உடன்படிக்கையின் சில கூறுகளை 50 ஆண்டுகளுக்குப்பின் மறுபரிசீலனை செய்யலாம் என்றிருந்தது. 1974 வந்தது, கருத்து வேற்றுமையும் முற்றியது.

பேச்சுவார்த்தைகள் பயன் தராத நிலையில், 1983இல் தஞ்சை உழவர் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அதன் பயனாக 1990 சூன் 2இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991இன் இடைக்கால ஆணை ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீரை வழங்கச் சொன்னது, ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அவ்வாண்டின் இறுதியில் கர்நாடகத்தில் வாழ்ந்த தமிழர் பலர் தாக்கப்பட்டு வீடிழந்தனர். 2007இன் இறுதித் தீர்ப்பு, 740 டி.எம்.சி. எனக் கணித்த நீரில் தமிழகத்துக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரிக்கு 7 எனப் பங்கிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 404.25 ஆகக் குறைத்து, எல்லையில் பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டிய அளவை 192இலிருந்து 177.25 ஆக்கியது. அதே ஆண்டு காவிரி நீர் மேலாண்மை ஆணையம் பிறந்தது. ஆயினும் மழை பொய்த்த 2023இல் பழைய பதற்றமே திரும்பியது. நிறைந்த ஆண்டில் எவரும் கணக்குக் கேட்பதில்லை. குறைந்த ஆண்டில் எவரும் கணக்கை நம்புவதில்லை.

அவ்வாறாயின் மித்ரானி சொன்னது பொய்யோ? முழுதும் பொய்யன்று, முழுதும் போதுமானதும் அன்று. அவருக்குப் பின்வந்த எர்னஸ்ட் ஹாஸ் என்னும் அறிஞர், ஐரோப்பிய ஒன்றிணைவைப் பற்றி 1958இல் எழுதிய நூலில், தொழில்நுட்பப் பணியை அரசியலிலிருந்து அப்படியே பிரித்துவிட இயலாது என்று காட்டினார். சேர்வதில் தமக்கு நன்மை உண்டென்று இரு தரப்பாரும் உணர வேண்டும். நிலக்கரியிலும் எஃகிலும் ஒருவர் கை மற்றவருக்குத் தேவைப்பட்டது. ஆற்றிலோ மேலே இருப்பவர் கையில் மதகு. கீழே இருப்பவர் கையில் விண்ணப்பம். இந்த ஏற்றத்தாழ்வை நல்லெண்ணம் மட்டும் நிரப்பிவிடாது. ஆகவே சட்டம் வேண்டும்; தீர்ப்பு வேண்டும்; அதை நிறைவேற்றும் ஆணையமும் வேண்டும். நீதியைத் துறந்த நட்பை நாம் பரிந்துரைக்க இயலாது.

ஆனால் சட்டம் நீரைப் பங்கிடும், மனத்தை இணைக்காது. அந்தப் பணிக்கு 2003இல் ஒரு நல்ல தொடக்கம் நிகழ்ந்தது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன் முதலியோர் முயற்சியால் இரு மாநில உழவரும் கூடிக் 'காவிரிக் குடும்பம்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். ஒருவர் நிலத்தை மற்றவர் சென்று பார்த்தனர். மண்டியாவின் உழவருக்கும் மன்னார்குடியின் உழவருக்கும் கடன் ஒன்றே, வானத்தைப் பார்க்கும் பார்வையும் ஒன்றே என்பதை எந்தத் தீர்ப்பும் எழுதிவிட முடியாது, கண்டால்தான் தெரியும். அரசுகள் அதைத் தம் பணியாக ஏற்றிருந்தால் அதன் பயன் பெருகியிருக்கும்.

1931இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் தந்த துணைமைக் கோட்பாடு இங்கே வழி காட்டுகிறது. சிறிய சமூகம் தானே செய்ய இயல்வதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது. அதனால் இயலாததில் பெரிய அமைப்பு துணை நிற்க வேண்டும். புதுதில்லியில் உள்ள ஆணையம் மதகின் அளவைச் சொல்லட்டும். வாய்க்காலின் நீதியை ஊர்தான் காக்க வேண்டும். கல்லணைக்கு அருகே உள்ள வயல்களும் ஒரு மேல்மடையே; வேதாரண்யமும் தலைஞாயிறும் கடைமடையே. மேட்டூர் திறந்து பல நாள் கழிந்தும் நீர் எட்டாத கடைமடை உழவர், நம் மாவட்டங்களுக்குள்ளேயே உள்ள 'கீழ் மாநிலத்தார்' அல்லரோ? கர்நாடகத்திடம் நாம் கேட்கும் நீதியை, முறை வைத்து நீர் பாய்ச்சுவதிலும் வாய்க்கால் தூர் வாருவதிலும் நமக்குள் காட்டினால், அந்தக் கேள்விக்கு வலிமை கூடும்.

குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் எழுதினார் என்பதை நினைவில் கொள்வோம். உரிமையை உரத்துக் கேட்க வேண்டும். அதை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதனோடு, தொட்டிலில் கிடக்கும் அந்த இரண்டாம் பிள்ளையையும் எடுத்து வளர்க்க வேண்டும். மழைக் கணக்கைச் சேர்ந்து எடுப்பதும், குறை நாளின் பங்கை நிறை நாளிலேயே பேசி முடிப்பதும், இரு கரை உழவரும் ஆண்டுக்கொரு முறையேனும் முகம் பார்த்துக்கொள்வதும் அதற்கு ஊட்டும் பால். ஈசாக்கைப் போல் ஒதுங்கிப் போக நமக்கு இடமில்லை. சச்சரவு என்று பெயர் பெற்ற நீருக்கே பரந்த இடம் என்று பெயர் சூட்டுவதுதான் நமக்கு விதிக்கப்பட்ட பணி.