யூரியா மட்டும் கண்ட மண்

சங்கரன்கோவில்காரர்கள் வீட்டில் கோயில் புற்றுமண் ஒரு பொட்டலமாவது இருக்கும். உடம்புக்கு என்ன வந்தாலும் அப்பா அதைத்தான் எடுத்துப் பூசுவார். வயலுக்கு என்ன வந்தாலும் யூரியா. எங்கள் பிச்சிச் செடிகள் கருகருவென்று தழைத்து நின்றன, பூ மட்டும் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. அப்பா இன்னும் ஒரு மூட்டை போட்டார்.

அவருக்கான பதில் கோயம்புத்தூரில் ரொம்ப காலமாகவே இருந்தது. அங்கே வேளாண் கல்லூரியில் 1909இல் நிரந்தர உரச் சோதனை வயல் ஒன்றைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1843இலிருந்து நடப்பதைப் போன்றது. ஒரு பாத்திக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்து மட்டும், ஒன்றுக்குச் சாம்பல்சத்து மட்டும். சிலவற்றுக்கு இரண்டிரண்டாக, ஒன்றுக்கு மூன்றும். ஒரு பாத்திக்கு மாட்டெரு, இன்னொன்றுக்கு எதுவுமே இல்லை. எந்தப் பாத்திக்கு எதுவோ அதுவேதான், வருஷக்கணக்காக. நாங்கள் மென்பொருளில் ஒரு மாற்றத்தை இரண்டு வாரம் சோதித்துவிட்டு முடிவு சொல்லிவிடுவோம். இவர்கள் நூறு வருஷம் தாண்டியும் விடவில்லை!

அந்த மண்ணில் சாம்பல்சத்துக்குப் பஞ்சமில்லை, மணிச்சத்துதான் குறைவு. அதனால் வெறும் தழைச்சத்து போட்ட பாத்தி பெரிதாக எழவில்லை. மணிச்சத்தும் சேர்ந்த பாத்திகளில்தான் பயிர் எழுந்தது. எது குறைச்சலோ அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும், மற்றதை எவ்வளவு கொட்டினாலும் சரி. 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் லீபிக் பிரபலமாக்கிய விதி இது. குன்னூரில் இருந்த மெக்காரிசன் இன்னும் ஒரு படி போனார். விஸ்வநாத்துடன் சேர்ந்து அவர் 1926இல் எழுதிய கட்டுரை, உரத்தைப் பொறுத்து தானியத்தின் ஊட்டமே மாறுகிறதா என்று கேட்டது. மாட்டெரு போட்டு விளைந்ததே மேல் என்றார்கள். அதைப் பிடித்துக்கொண்டு ரசாயன உரமே விஷம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இவ்வளவு தெரிந்திருந்த நாட்டில்தான், 1992 ஆகஸ்டில், மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு எடுத்துவிட்டது. யூரியாவுக்கு மட்டும் எடுக்கவில்லை. முந்தைய ஆண்டு 5.9:2.4:1 என்றிருந்த தழை, மணி, சாம்பல் விகிதம் ஒரே வருஷத்தில் 9.5:3.2:1 ஆனது.

இந்த விகிதத்தை நான் கடையில் நின்று பார்த்திருக்கிறேன். "டிஏபி வெல ஏறிட்டுய்யா, யூரியாவக் கொண்டு போங்க" என்பார் உரக்கடை அண்ணாச்சி. அவர்மேல் தப்பில்லை. அப்பாவின் கையில் அதற்குத்தான் காசு இருந்தது.

போன வருஷம் எங்கள் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். அட்டையில் மணிச்சத்து என்ற இடத்தில் 'குறைவு' என்று இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இத அப்பமே யாராவது சொல்லிருக்கலாம்லா?"