பி.எஃப் பணம் யாருக்குச் சேரும்? - ஒரு சிறு வரலாறு

கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை 1888ல் தொடங்கியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் மளமளவென்று பெருகின. பல்லடம் போன்ற வறண்ட பகுதிகளில் காட்டு வேலையை விட்டு மில்லுக்குப் போனவர்கள் பலர். தொழிலாளி திடீரென்று இறந்து போனால் அவர் குடும்பத்தின் கதி என்ன? இதற்குச் சட்டப்படியான பதில் கிடைக்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஆண்டில்தான் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது. முதலில் சேர்க்கப்பட்டவை ஆறே தொழில்கள். அதில் ஜவுளியும் ஒன்று. அப்போது 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளுக்கு மட்டும்தான். பிடித்தம் 6.25 சதவீதம். 1960ல் 50 என்பது 20 ஆனது. பெரிய நிறுவனங்கள் சில, அரசின் விலக்கு பெற்று, சொந்தமாக அறக்கட்டளை வைத்தும் இந்த நிதியை நடத்தின.

இச்சட்டத்தின் 10ம் பிரிவு முக்கியமானது. இறந்தவர் வாங்கிய கடனுக்காக இந்தப் பணத்தை யாரும் ஜப்தி செய்ய முடியாது. வட்டிக்குக் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றாலும் இது குடும்பத்துக்கே!

சரி, குடும்பத்தில் யாருக்கு? தொழிலாளி எழுதி வைத்த நாமினிக்கு. இதில் ஒரு விதி உண்டு. கல்யாணத்துக்கு முன் குடும்பம் அல்லாத ஒருவரை நாமினியாகப் போட்டிருந்தால், கல்யாணம் ஆனவுடன் அது செல்லாது. புதிதாக எழுத வேண்டும். பலர் இதை மறந்து விடுகிறார்கள்.

நாமினி என்றால் சொந்தக்காரரா? 1983ல் ஆயுள் காப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 'இல்லை' என்றது. நாமினி பணத்தை வாங்கிக் கொள்ளலாம், ஆனால் அது வாரிசுகளுக்கு உரியது. மகன் கல்யாணத்துக்கு முன் தாயை நாமினியாகப் போட்ட ஒரு வழக்கிலும் 2009ல் இதே கருத்துதான். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே ஓய்வுக்காலக் கணக்கில் வரி தள்ளிப் போடப்படுவதால், குறிப்பிட்ட வயதுக்குப் பின் வருடா வருடம் பணம் எடுத்தே ஆக வேண்டும். 2020 முதல், பெரும்பாலான வாரிசுகள் 10 வருடத்துக்குள் முழுவதையும் எடுத்துவிட வேண்டும். நம் பி.எஃப்பில் அப்படி வருடாந்திரக் கட்டாயம் இல்லை. மாறாக, 1995 நவம்பர் முதல் முதலாளி பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போகிறது. இறந்தவரின் மனைவிக்கு அது மாதா மாதம் வரும்.

ஆனால் பல்லடத்தில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. ஊரைச் சுற்றிக் கூலிக்கு நெய்யும் சிறு விசைத்தறிக் கூடங்கள் ஏராளம். 20 பேர் இல்லாத கூடத்துக்கு இந்தச் சட்டம் கட்டாயம் இல்லை. 2020ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அதே 20தான். அங்கே தறி ஓட்டுபவர் இறந்தால் நாமினி யார் என்ற சண்டையே வராது. பிரிக்கப் பணம் இருந்தால்தானே!