பித்தப்பை லப்பரஸ்கோப்பியில் வாயு அமுக்கமும் இழையப் பாதிப்பும்: கொழும்பு நோயாளரை முன்வைத்து ஒரு மறுநோக்கு

கல் தோன்றிய பித்தப்பையைச் சிறு துளைகளின் வழியாக அகற்றும் லப்பரஸ்கோப்பிக் சத்திரசிகிச்சையில், கமராவுக்கும் கருவிகளுக்கும் இடம் உண்டாக்கும் பொருட்டு வயிற்றறைக்குள் காபனீரொட்சைட்டு வாயு செலுத்தப்பட்டு, அதன் அமுக்கம் பெரும்பாலும் 12 முதல் 15 மில்லிமீற்றர் இரசம் என்ற அளவில் இறுதிவரை பேணப்படுகிறது. இவ்வளவு ஒவ்வொரு நோயாளருக்கும் தனித்தனியே கணித்துப் பெறப்படுவதன்று. வழக்கத்தால் நிலைபெற்று, வாயு செலுத்தும் இயந்திரத்தில் முன்கூட்டியே பதியப்படும் எண்ணாகிவிட்டது. அமுக்கமும் மருந்தைப் போல் ஆளறிந்து அளவிட வேண்டிய ஒன்று என்பதும், கொழும்புப் பகுதியில் அந்த அளவைத் தீர்மானிக்கையில் நோயாளரின் ஈரல்நிலையே முதலில் கருதப்பட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அமுக்கம் குருதியோட்டத்தைத் தடுக்கும் என்பது பிற்காலத்தில் தற்செயலாகத் தெரியவந்த செய்தியன்று. 1901 இல் ட்ரெஸ்டன் நகர வைத்தியர் ஜோர்ஜ் கெல்லிங், நாயின் வயிற்றறைக்குள் வடிகட்டிய காற்றைச் செலுத்திக் குழாய்க்கருவியால் உள்ளுறுப்புகளை நோக்கிக் காட்டினார். காற்றின் அமுக்கத்தாலேயே உட்குருதிப்போக்கை நிறுத்திவிடலாம் என்பது அவரது ஆராய்ச்சியின் அடிப்படை எண்ணமாக இருந்தது. அன்று சிகிச்சையாக நாடப்பட்ட பண்பே இன்று நோயாளர் செலுத்தும் விலையாக நிற்கிறது. 1985 இல் முதன்முதலாக இம்முறையில் பித்தப்பையை அகற்றிய எரிக் மூஹே, பின்னர் விலா விளிம்பருகே குழாயை நேரடியாக நுழைத்து வாயுவே இன்றிச் சத்திரசிகிச்சை செய்தார் என்பதும், அவ்வழியை உலகம் பின்பற்றவில்லை என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை.

ஈரலுக்குச் செல்லும் குருதியில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் குடற்பகுதியிலிருந்து கொண்டுசேர்ப்பது ஈரல்வாயினாளம். மெல்லிய சுவர் கொண்ட அந்நாளத்தினுள் இயல்பாக உள்ள அமுக்கம் 5 முதல் 10 மில்லிமீற்றர் மட்டுமே. ஆகவே வெளியிலிருந்து 12 அல்லது 15 மில்லிமீற்றர் அழுத்தும்போது அதன் ஓட்டம் குறைவது தவிர்க்க முடியாதது. பித்தப்பை தெளிவாகத் தெரிவதற்காக மேசையின் தலைப்பக்கம் உயர்த்தப்படுவது, இதயத்துக்குத் திரும்பும் குருதியையும் குறைத்து நிலையை மேலும் கடினமாக்குகிறது. சத்திரசிகிச்சையின் முடிவில் வாயு வெளியேற்றப்பட்டதும் குருதி விரைந்து திரும்புகிறது; ஒட்சிசன் குன்றியிருந்த கலங்களில் அப்போது உண்டாகும் ஒட்சிசன் மூலிகங்கள், அதாவது தனித்த இலத்திரனால் தாக்குதிறன் மிகுந்த மூலக்கூறுகள், கலமென்சவ்வின் கொழுப்பைச் சிதைக்கின்றன. அச்சிதைவின் எச்சமான மலோன்டயல்டிகைட்டு குருதியில் உயர்வதையே பல ஆய்வுகள் பாதிப்பின் அளவுகோலாகக் கொள்கின்றன.

ஈரலுக்கு அப்பால், வயிற்றறையின் உட்புறத்தைப் போர்த்தும் சுற்றுவிரியும் நேரடியாகத் தாக்கப்படுகிறது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில், வழமையாக ஓடு பாவியதுபோல் நெருங்கிப் படுத்திருக்கும் அதன் மேற்பரப்புக் கலங்கள் வாயுவுக்குப் பின் புடைத்தெழுவதும், இடையிடையே பிளவுகள் திறந்து கீழுள்ள அடிமென்சவ்வு வெளித்தெரிவதும் காணப்பட்டுள்ளன. அமுக்கம் மட்டுமன்றி, வாயுவின் வறட்சியும் குளிர்ச்சியும், அது நீரில் கரைந்து உண்டாக்கும் அமிலத்தன்மையும் இதற்குக் காரணமாகின்றன. எனவே அமுக்கத்தைக் குறைப்பதால் மட்டும் இப்பாதிப்பு முற்றாக நீங்கிவிடாது.

இத்தகைய சான்றுகளை மிகைப்படுத்துவதும் தவறு. சத்திரசிகிச்சைக்கு மறுநாள் ஏ.எல்.ரி., ஏ.எஸ்.ரி. எனும் ஈரல் நொதியங்கள் உயர்ந்தாலும், ஆரோக்கியமானவர்களில் அவை சில நாட்களில் தாமாகவே தணிகின்றன. மின்சூட்டுக் கருவியும், ஈரலைத் தூக்கிப் பிடித்தலும், மயக்க மருந்தும் அவ்வுயர்வில் பங்குகொள்வதால் முழுப் பழியையும் வாயுவின் மேல் சுமத்த இயலாது. 21 பரிசோதனைகளைத் தொகுத்த 2014 ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு, குறைந்த அமுக்கத்திலும் பத்தில் ஒன்பது சத்திரசிகிச்சைகளை நிறைவேற்றலாம் எனக் கண்டபோதிலும், ஆபத்துக் குறைந்த நோயாளருக்கு அதை வழமையாக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

ஆனால் அம்முடிவு யாரைப் பற்றியது என்பதே வினா. கொழும்பை அடுத்துள்ள ராகமையில் 35 முதல் 64 வயதினரிடையே 2007 இல் நடத்தப்பட்ட சுகாதார ஆய்வில், மதுவால் நேராத கொழுப்பேறிய ஈரல் 32.6 சதவீதமானோரிடம் காணப்பட்டது. கொழுப்பேறிய ஈரல் குருதிக்குறைவையும் மீள்குருதியோட்டத்தையும் தாங்கும் திறன் குன்றியது. உடற்பருமனும் நீரிழிவும் பித்தக்கல்லோடும் இவ்வீரல்நிலையோடும் உறவுடையவை. சத்திரசிகிச்சை மேசைக்கு வரும் சாதாரணக் கொழும்பு நோயாளரே அந்த ‘ஆபத்துக் குறைந்த’ வகுப்புக்கு வெளியே நிற்கக்கூடும் எனில், மீளாய்வின் முடிவை அப்படியே இங்கு பொருத்துவது அவசரமாகும்.

எதிர்வாதம் வலுவானது. இடம் சுருங்கினால் பித்தப்பைக் கானுக்கும் பொது ஈரற் கானுக்கும் ஈரலுக்கும் இடைப்பட்ட பகுதி தெளிவாகத் தெரியாது போய், பித்தக்கான் வெட்டுப்பட நேரிடலாம். அவ்விபத்தோடு ஒப்பிடுகையில் சில நாள் நொதிய உயர்வு அற்பமானது. ஆழ்ந்த தசைத்தளர்ச்சியால் குறைந்த அமுக்கத்திலும் இடம் பெறலாம் என்பர். ஆனால் அதை விரைந்து மீட்கும் சுகமடெக்ஸ் விலையுயர்ந்தது. 2022 மார்ச் இறுதியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையில் திகதி குறித்த சத்திரசிகிச்சைகளே நிறுத்தப்பட்ட நாட்டில், அம்மருந்தை நம்பி வழமையை வகுக்க முடியாது.

ஆகவே ஒரே எண்ணை இன்னொரு எண்ணால் மாற்றுவது தீர்வாகாது. வழமையான அமுக்கத்தில் துளைக்குழாய்களை நுழைத்தபின் 8 முதல் 10 வரை இறக்கி, கான்களைப் பிரிக்கும் கட்டத்தில் பார்வை மங்கினால் தயங்காது உயர்த்தி, அது முடிந்ததும் மீண்டும் இறக்குவது எவ்விதப் புதுக் கருவியையும் வேண்டாதது. களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையும், இரத்மலானையிலுள்ள ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் வெரஹெர வைத்தியசாலையும் இதைச் சோதிப்பதற்குத் தகுந்த களங்கள். பித்தக்கல்லைக் காட்டும் அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கான் ஈரலில் படிந்த கொழுப்பையும் காட்டுவதால், அக்குறிப்போடு அமுக்கத்தையும், அது நீடித்த நிமிடங்களையும், மறுநாள் ஏ.எல்.ரி. அளவையும் சேர்த்துப் பதிந்தாலே, கொழுப்பேறிய ஈரலுக்கு எந்த அமுக்கம் அதிகம் என்பதை இங்குள்ள நோயாளரைக் கொண்டே கணிக்கத் தொடங்கலாம்.