இல்லை என்று சொல்லும் கடமை

விருத்தாசலத்தில் பீங்கான் சூளை திறக்கப்படுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். சூடு ஆறிய பின், வெந்த பொருள்களை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார்கள். மின்கம்பத்துக்குரிய பீங்கானோ, பியூஸ் கட்டையோ, கொலுவுக்கான பொம்மையோ, எதுவாயினும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் விரிசல் கண்டதை மறுபக்கமும் வைப்பார்கள். எடுத்துப் பாராமல் எதையும் சூளைக்குள்ளேயே விட்டுவைப்பதில்லை. களிமண்ணுக்குக் கிடைக்கும் இந்த முடிவு மனிதருக்குக் கிடைப்பதில்லையே என்னும் எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதுகுன்றம் என்னும் பழம்பெயர் கொண்ட இந்நகரின் தொழில், அண்டையிலுள்ள நெய்வேலியின் மண்ணோடு பிணைந்தது. அங்கே பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக அகற்றப்படும் மேல்மண்ணில் கிடைத்த வெண்களிமண் இங்குள்ள சூளைகளுக்கு உணவாயிற்று. பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு அளிக்கும் அரசு நிறுவனமும் இங்கே அமைந்தன. அத்தகைய படிப்பை முடித்த இளைஞர் ஒருவரை நாம் அறிவோம். வெளிமாநிலத் தொழிற்சாலை ஒன்றின் நேர்முகத் தேர்வுக்குக் கடன் வாங்கிப் பயணம் செய்தார். அரைமணி நேரம் கேள்வி கேட்டவர்கள், "தகவல் அனுப்புகிறோம்" என்று கைகுலுக்கி அனுப்பினார்கள். நான்கு மாதங்கள் தகவல் வரவில்லை. அதற்கிடையே உள்ளூர்ப் பட்டறை ஒன்று இருமுறை அழைத்தது. "பெரிய இடத்துப் பதிலை எதிர்பார்க்கிறேன்" என்று தயங்கினார். அந்த இடம் நேர்முகத் தேர்வு நடந்த வாரத்திலேயே நிரப்பப்பட்டது என்று பின்னர் நண்பர் வழியாகத் தெரியவந்தது. "வேலை கிடைக்காததில் எனக்கு வருத்தமில்லை, சாமி. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு மாதம் மிஞ்சியிருக்கும்" என்றார் அவர்.

அவர் இழந்தது வேலையை அன்று; காலத்தை. தேர்ந்தெடுக்கும் உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு. பிறர் காலத்தைக் கணக்கின்றிப் பிடித்துவைக்கும் உரிமை அவருக்கு யார் தந்தது? தேர்வு பெறாதவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும் என்னும் எண்ணம் நம் வரலாற்றில் எங்கே இருந்தது, எங்கே தொலைந்தது என்று சற்றே பார்ப்போம்.

முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் வாரியங்களுக்கு ஆளெடுக்க, முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டனர். இளையோரும் முதியோரும் கூடிய பேரவையில், மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்டினார். ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை ஏற்று, உரக்க வாசித்தார். பின்னர் அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதை வாசித்தனர். நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையார்க்கே அதில் இடமிருந்தது. எளியவருக்கு அங்கே ஓலையே எழுதப்படவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், ஓலை எழுதப்பட்டவர் ஒவ்வொருவரும் தம் முடிவை அன்றே, அவ்விடத்திலேயே அறிந்து வீடு திரும்பினார். பேர் வராதவர் மறுநாள் தம் வேலையைப் பார்க்கலாம்.

திருச்சபையின் முதல் தேர்வும் இவ்வாறே நடந்தது. யூதாசின் இடத்தை நிரப்ப, ஏறத்தாழ நூற்றிருபது பேர் கூடியிருந்த அவையில் இருவர் முன்னிறுத்தப்பட்டனர். மன்றாடியபின் சீட்டு எடுக்கப்பட்டது. அது மத்தியாவுக்கு விழுந்தது என்கிறது திருத்தூதர் பணிகள் நூல். நாம் கவனியாமல் கடந்துவிடும் செய்தி ஒன்று அங்கே உண்டு. தேர்வு பெறாதவரின் பெயரை லூக்கா விட்டுவிடவில்லை. யோசேப்பு என்னும் பெயரையும், பர்சபா என்னும் அழைப்பையும், யுஸ்து என்னும் மறுபெயரையும் சேர்த்தே எழுதிவைத்தார். வென்றவருக்கு ஒரு பெயர், வெல்லாதவருக்கு மூன்று! நான்காம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் யூசேபியு, இந்த யுஸ்து நஞ்சு அருந்தியும் இறையருளால் தீங்குறவில்லை என்ற பழஞ்செய்தியைக் குறித்துள்ளார். இடம் கிடைக்காதவரையும் தன் உறவில் வைத்துக்கொண்ட குழு அது.

நம் காலத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1945இல், படையிலிருந்து விடுவிக்கப்படுவோருக்கு வேலை தேடித் தருவதற்காக இந்தியாவில் வேலைவாய்ப்பகங்கள் அமைக்கப்பட்டன. 1948இல் அவை எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. சிவராவ் குழுவின் பரிந்துரைப்படி, 1956 நவம்பர் முதல் நாளிலிருந்து அவற்றின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. பள்ளி இறுதி முடித்தவுடன் பதிவு செய்வதும், மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதும், பதிவு மூப்பைக் கணக்கிட்டுக் காத்திருப்பதும் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் வாழ்க்கை முறையாகவே ஆயின.

காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டம் 1959இல் இயற்றப்பட்டு, 1960 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அரசுத்துறை நிறுவனங்களும், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அச்சட்டம். வேலைவாய்ப்பகம் அனுப்புவோரையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அதன்கீழ் எழுந்த 1960ஆம் ஆண்டு விதிகளோ ஒருபடி மேலே சென்று, தேர்வின் முடிவைப் பதினைந்து நாள்களுக்குள் வேலைவாய்ப்பகத்துக்குத் தெரிவிக்குமாறு பணித்தன.

இங்கே சற்று நிற்போம். முடிவைப் பதினைந்து நாளில் சொல்ல வேண்டும் என்று சட்டம் எண்ணியிருக்கிறது. யாருக்கு? அலுவலகத்துக்கு. நேர்முகத் தேர்வில் நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்த மனிதருக்கு அன்று! அரசும் வேலை கொடுப்பவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள். யாரைப் பற்றிப் பேசினார்களோ அவரிடம் பேச மறந்தார்கள். அச்சட்டம் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பினுள் அடக்கப்பட்டபோதும், விண்ணப்பித்தவருக்கு மறுமொழி சொல்லும் கடமை புதிதாகச் சேர்க்கப்படவில்லை.

அரசுப் பணியைப் பொறுத்தவரை நிலை ஓரளவு மாறியுள்ளது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபின், பொது அமைப்புகள் முப்பது நாளில் விடை தரக் கடமைப்பட்டன. தேர்வு எழுதியவர் தம் விடைத்தாளையே பார்க்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. தனியார் நிறுவனத்தின் வாசலில் நிற்பவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

நம் தமிழ் மக்கள் பெருந்தொகையினராய் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் இக்குறையை நேராகவே எதிர்கொண்டது. வெளிப்படையாக விளம்பரம் செய்த வேலைக்கு ஒருவரை நேர்முகம் கண்டால், கடைசி நேர்முகத்திலிருந்து 45 நாள்களுக்குள், ஆளெடுப்பு முடிவாயிற்றா என்பதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அங்கே சட்டமாயிற்று. 2026 ஜனவரி முதல் நாளைத் தொடக்கமாகக் கொண்ட இவ்விதி, 25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்கு உரியது. நம் 1959ஆம் ஆண்டுச் சட்டம் குறித்ததும் அதே 25தான் என்பது எண்ணத்தக்கது.

வேலை கொடுப்பவர் பக்கமும் சில காரணங்கள் உண்டு. முதலில் தேர்ந்தவர் வராமற் போனால் அடுத்தவரை அழைக்கலாமே என்று சிலர் வாய்திறப்பதில்லை. காரணம் கேட்டுச் சண்டைக்கு வருவாரோ என்று சிலர் அஞ்சுகின்றனர். இவற்றைப் புறந்தள்ளிவிட முடியாது. ஆனால், "நீங்கள் இரண்டாம் இடத்தில் இருக்கிறீர்கள், இந்தத் தேதி வரை பொறுங்கள், அதன்பின் எதிர்பார்க்க வேண்டாம்" என்று எழுதுவதில் தடை என்ன? காரணத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. முடிவைச் சொன்னால் போதும்.

பிறரைக் குறைசொல்லி முடித்துவிட நமக்கும் தகுதியில்லை. ஆண்டுகளுக்கு முன் பங்கு ஒன்றில் பணிபுரிந்தபோது, பள்ளியின் ஆசிரியர் பணியிடம் ஒன்றுக்கு ஐவரை அழைத்துப் பேசினோம். ஒருவரை எடுத்தோம். மற்ற நால்வருக்கு எழுதவில்லை. மறந்தோம் என்பதுகூட உண்மையன்று. எழுத வேண்டும் என்று நமக்குத் தோன்றவேயில்லை. பள்ளி திறந்து இரு மாதம் கழித்து, அந்நால்வரில் ஒரு பெண்மணி கைக்குழந்தையுடன் பேருந்தில் வந்து, "முடிவு தெரிந்துவிட்டதா, சாமி?" என்று கேட்டார். பக்கத்து வகுப்பறையில் புதிய ஆசிரியை பாடம் நடத்தும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று நம்மிடம் சொல் இல்லை. அவர் நம்மைக் கடிந்துகொள்ளாமல் திரும்பிப் போனதே இன்றளவும் உறுத்துகிறது.

திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் தொழிலாளரின் நியாயமான கூலிக்காகக் குரல் கொடுத்தார். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், 1981இல், இரண்டாம் யோவான் பவுல், உழைப்பின் மதிப்பு அதைச் செய்யும் மனிதரிலேயே அடங்கியுள்ளது என்று கற்பித்தார். உழைப்பவர் கருவிப்பொருள் அல்லர் எனில், உழைக்க முன்வந்து நிற்பவரும் அல்லர். திராட்சைத் தோட்ட உவமையில், பொழுது சாயும் வேளையிலும் சந்தைவெளிக்கு வந்த நிலக்கிழார், சும்மா நின்றவர்களைக் கண்டு காரணம் கேட்டார். நாளெல்லாம் நின்றவர்களை ஒரு பொருட்டாக மதித்து அவர் பேசியதை நாம் மறக்கலாகாது. இயேசுவும் ஆம் என்பதை ஆம் என்றும், இல்லை என்பதை இல்லை என்றும் சொல்லப் பணித்தார். இல்லை என்பதற்கும் அவர் இடம் வைத்தார், மௌனத்துக்கு வைக்கவில்லை.

எரேமியா கண்ட குயவர், கையில் கெட்டுப்போன மண்ணை அப்படியே சக்கரத்தில் விட்டுவிடவில்லை. வேறொரு கலமாக வனைந்தார். மறுக்கப்பட்ட மனிதரும் வேறொரு வாழ்வை வனைந்துகொள்ள முடியும். ஆனால், தாம் மறுக்கப்பட்டதை அவர் அறிந்தாக வேண்டும். நம் மறைமாவட்டங்களில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அலுவலகங்களும் பல உள்ளன. நம் இறைமக்களுள் கடை நடத்துவோரும் பட்டறை நடத்துவோரும் உள்ளனர். இவர்கள் ஒவ்வொருவரும், நேர்முகத்துக்கு அழைத்த ஒவ்வொருவருக்கும் ஒரு மாதத்துக்குள் இரண்டு வரி எழுதுவது என்று உறுதி கொள்ளலாம். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் அஞ்சலட்டை போதும். கைக்குழந்தையுடன் வந்த அந்தப் பெண்மணிக்கு நாம் எழுதத் தவறிய மடல், இனி வேறு யாருக்கேனும் உரிய நாளில் போய்ச் சேரட்டும்.