ஓசூர் விளைநிலமும் வரிவிலக்கும்

வருமான வரிச் சட்டத்தின்படி, கிராமப்புற வேளாண் நிலத்தை விற்ற ஆதாயத்துக்கு வரியில்லை. கிராமப்புறம் எது என்பதைத் தூரமே தீர்மானிக்கிறது. 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்தைக் கடந்த ஓசூரில், நகர எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 6 கி.மீ.க்குள் உள்ள நிலம் இவ்விலக்கை இழக்கும். 2019இல் ஓசூர் மாநகராட்சியானது; எல்லை விரிந்தால் வளையமும் விரியும்.

வளையத்துக்குள் அரசு கட்டாயமாகக் கையகப்படுத்தினால் வரிவிலக்கு உண்டு. ஆனால், முந்தைய 2 ஆண்டுகள் உரிமையாளரோ பெற்றோரோ பயிரிட்டிருக்க வேண்டும். சான்று அடங்கல். கிணறு வற்றி, ஆலைக் கூலிக்குப் போன தலித் குடும்பத்தின் அடங்கலில் ‘தரிசு’ என்றே இருக்கும். மானாவாரியாகக் கேழ்வரகு விதைத்திருந்தாலும் பதிவு இல்லையெனில் வாதாடுவது கடினம். பசலிதோறும் கிராம நிர்வாக அலுவலரிடம் பதியச் செய்க.

1892 அரசாணைவழிப் பஞ்சமி நிலமெனில், வரிக்கு முன் உரிமையையே கேட்க வேண்டும்: தலித் அல்லாதாருக்கு விற்றது நிபந்தனை மீறல். இழப்பீடு அவர் கைக்குச் செல்லுமுன் ஆட்சேபணை தாக்கல் செய்க.